ஓக்ஸ் ஏம்ஸ்: மண்வாரி செய்து விற்றவர் எம்.பி. ஆன கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யார் இந்த ஓக்ஸ் ஏம்ஸ்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஈஸ்டன் என்ற ஊரில் 1804 ஜனவரி 10 அன்று பிறந்தவர். அப்பாவின் மண்வாரித் தொழிற்சாலையை எடுத்து நடத்தி, நாடறிந்த பணக்காரரானார். 1863 முதல் 1873 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருந்தார். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த முதல் ரயில் பாதைக்குப் பணம் புரட்டிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். அதே பாதையின் பங்குகளைச் சக உறுப்பினர்களுக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டவரும் அவர்தான். பதவிக்காலம் முடிய ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில் சபை அவர்மேல் கண்டனத் தீர்மானம் போட்டது. அடுத்த பத்து வாரத்தில் இறந்துபோனார்.

(அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு காங்கிரஸ் என்று பெயர். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கட்சிதான் நினைவுக்கு வரும் என்பதால், இந்தப் பக்கம் முழுக்க நாடாளுமன்றம் என்றே எழுதியிருக்கிறேன்.)

மண்வாரி என்றால் மண்வெட்டியா?

இல்லை. நம் மண்வெட்டியில் இரும்பு அலகு காம்புக்குக் குறுக்காக நிற்கும். ஓங்கி வெட்டி நம் பக்கமாக இழுப்போம். ஏம்ஸ் குடும்பம் செய்தது ஷவல். அதில் தகடு காம்பின் நீட்சியாகவே இருக்கும். குத்தி, அள்ளி, வீச வேண்டும். கட்டட வேலையில் மணலும் ஜல்லியும் அள்ளும் ஆட்கள் கையில் பார்த்திருப்பீர்கள்.

அதை விற்று அவ்வளவு பெரிய பணக்காரராக முடியுமா?

அந்தக் காலத்தில் முடிந்தது. புல்டோசர் இல்லாத நாட்டில் கால்வாய், சாலை, ரயில் பாதை, சுரங்கம் எல்லாமே ஆள் பலத்தில் நடந்தன. ஒவ்வொரு ஆள் கையிலும் ஒரு மண்வாரி வேண்டும், அதுவும் தேயத் தேய மாற்ற வேண்டும்.

ஓக்ஸுக்குப் பெரிய படிப்பெல்லாம் இல்லை. 16 வயதில் அப்பாவின் பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தவர். 1844இல் அப்பா ஒதுங்கிக்கொண்டு, தொழிலை மூத்தவர் ஓக்ஸிடமும் அடுத்தவர் ஆலிவரிடமும் ஒப்படைத்தார். அவர்கள் கைக்கு வந்த நேரம் அப்படி. 1849இல் கலிபோர்னியாவில் தங்கம் தேடிக் கூட்டம் ஓடியது. இரண்டு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவில் அதே ஓட்டம். தங்கம் கிடைத்ததோ இல்லையோ, தோண்டப் போனவன் எல்லாம் மண்வாரி வாங்கினான். 1861இல் உள்நாட்டுப் போர் வந்ததும் பதுங்குகுழி தோண்ட ராணுவமே வாங்கியது.

நடுவில் ஓர் அடி விழுந்தது. 1852 மார்ச்சில் மரத்தாலான பட்டறைகள் தீப்பிடித்து எரிந்துபோயின. அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து அழவில்லை. தற்காலிகக் கொட்டகை போட்டு வேலையைத் தொடர்ந்து, அப்புறம் கருங்கல்லில் பட்டறைகளைக் கட்டினார்கள். ஓக்ஸின் மனைவி எவலினா 1851லும் 1852லும் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. கோடீஸ்வரர் வீட்டு அம்மா எழுதியதுபோலவே இருக்காது அது: தையல், தோட்டம், சமையல், வீட்டு வேலை என்று போகும்.

அரசியலுக்கு ஏன் வந்தார்?

அடிமை முறையை எதிர்த்தவர். கன்சாஸ் பகுதி அடிமை மாநிலமாகிவிடக் கூடாது என்று அங்கே எதிர்ப்பாளர்களைக் குடியேற்றிய சங்கத்துக்குப் பணம் கொடுத்தார். மது தொடாதவர், மதுவிலக்குக்காரர். புதிதாக முளைத்த குடியரசுக் கட்சிக்கு இப்படி ஓர் ஆள் எப்படிப் பொருந்துவார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1860இல் மாசசூசெட்ஸ் ஆளுநரின் ஆலோசனைக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1862 தேர்தலில் வென்று அடுத்த ஆண்டு வாஷிங்டன் போனார். அதன்பின் தொடர்ச்சியாக நான்கு முறை ஜெயித்தார்.

சபையில் பேச்சாளர் இல்லை. எழுந்து பேசுவதே அபூர்வம். ஆனால் ரயில்வே பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் தேடிப் போய்க் கேட்பது அவரைத்தான்.

ரயில் பாதைக்குள் எப்படி இழுக்கப்பட்டார்?

1862இல் சட்டம் போட்டுவிட்டார்கள்: யூனியன் பசிபிக் என்ற கம்பெனி கிழக்கிலிருந்து பாதை போட வேண்டும், சென்ட்ரல் பசிபிக் கலிபோர்னியாவிலிருந்து போட்டு வர வேண்டும், இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். போடும் ஒவ்வொரு மைலுக்கும் அரசு கடன் பத்திரம் கொடுக்கும்: சமவெளிக்கு 16,000 டாலர், மலைக்கு 48,000, இடைப்பட்ட மேட்டு நிலத்துக்கு 32,000. நிலமும் உண்டு, 1864இல் அதை இரட்டிப்பாக்கினார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனாலும் யாரும் பணம் போட முன்வரவில்லை. போர் நடக்கிறது, வழியெல்லாம் ஆளில்லாப் புல்வெளி, அப்புறம் மலை. பாதை முடிந்தால்தான் வருமானம். முடியுமா என்பதே சந்தேகம். 1865 தொடக்கத்தில் லிங்கனே ஏம்ஸைக் கூப்பிட்டு, நீங்கள் இதில் இறங்குங்கள் என்று கேட்டுக்கொண்டதாகக் குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். கேட்டாரோ இல்லையோ, ஏம்ஸ் சகோதரர்கள் இறங்கினார்கள். சொந்தப் பணத்தைக் கொட்டியதோடு, பாஸ்டன் பணக்காரர்களையும் இழுத்து வந்தார்கள். 1866இலிருந்து தம்பி ஆலிவர் யூனியன் பசிபிக்கின் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

1869 மே 10 அன்று யூட்டா பகுதியில் ப்ராமன்டரி என்ற மேட்டில் இரு பாதைகளும் சந்தித்தன. கடைசிக் கட்டையில் தங்க ஆணி வைத்த அந்தப் புகைப்படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள்.

'கிரெடி மொபிலியே' என்றால் என்ன? எல்லாக் கட்டுரையிலும் வருகிறதே?

ஊழலின் பெயரே அதுதான் ஆகிவிட்டது. உண்மையில் அது ஒரு காண்டிராக்ட் கம்பெனி. பென்சில்வேனியாவில் 1859இல் வேறு பெயரில் பதிவானதை 1864இல் யூனியன் பசிபிக்கின் துணைத்தலைவர் தாமஸ் டியூரன்ட் தரப்பு வாங்கி, பிரான்ஸில் அப்போது பிரபலமாக இருந்த ஒரு வங்கியின் பெயரைச் சூட்டியது. பெயர் மட்டும்தான் கடன். அந்த வங்கிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வேலை இப்படி நடக்கும். யூனியன் பசிபிக் பாதை போடும் வேலையை கிரெடி மொபிலியேவுக்குக் கொடுக்கும். இரண்டுக்கும் முதலாளிகள் ஏறக்குறைய ஒரே ஆட்கள். அதாவது வலது கை இடது கைக்கு காண்டிராக்ட் கொடுக்கிறது, விலையையும் வலது கையே சொல்கிறது. ரயில்வேயில் லாபம் வர எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. காண்டிராக்டில் இன்றைக்கே வரும்.

அவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சட்டப்படி ரயில்வே பங்குகளை முகமதிப்புக்கு, அதாவது பங்கில் எழுதியிருக்கும் விலைக்கு, குறைத்து விற்கக் கூடாது. அந்த விலைக்கு வாங்கவோ ஆள் இல்லை. அதைச் சுற்றிப் போக ஒரு காண்டிராக்ட் கம்பெனியை நடுவில் வைத்தார்கள். தவிர, அதற்கு வரையறுத்த பொறுப்பு உண்டு என்பதால், பாதை பாழாய்ப் போனாலும் பணம் போட்டவரின் வீடு வாசல் போகாது. அன்றைய ரயில்வேக்கள் பலவும் இப்படித்தான் கட்டப்பட்டன.

ஓக்ஸ் ஏம்ஸின் பங்கு இதில் என்ன?

1867 ஆகஸ்டில் 667 மைல் பாதை போடும் ஒப்பந்தம் அவர் பெயரிலேயே எழுதப்பட்டது. மைலுக்கு 42,000 முதல் 96,000 டாலர். மொத்தம் சுமார் 4.7 கோடி டாலர். அதுவரை அமெரிக்காவில் ஒரு தனி ஆள் பெயரில் எழுதப்பட்ட மிகப்பெரிய காண்டிராக்டுகளில் அதுவும் ஒன்றாக இருக்கும். அதில் ஒரு பகுதி ஏற்கெனவே போட்டு முடிந்திருந்த பாதை என்பதையும் கவனிக்க வேண்டும். பிறகு அந்த ஒப்பந்தம் ஏழு அறங்காவலர்களுக்கு மாற்றப்பட்டு, லாபம் கிரெடி மொபிலியே பங்குதாரர்களுக்குப் போனது.

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், அரசுப் பணம் வாங்கும் ரயில்வேக்கு 4.7 கோடி டாலர் காண்டிராக்ட் எடுக்கலாமா என்று இன்று உடனே கேட்போம். அன்று அதைக் கேட்டவர்கள் குறைவு.

அப்படியானால் மாட்டியது எதில்?

பங்குகளைக் கொடுத்ததில். 1867 கடைசியில் விஸ்கான்சின் உறுப்பினர் வாஷ்பர்ன், யூனியன் பசிபிக் வசூலிக்கும் கட்டணத்துக்கு வரம்பு வைக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் ஏம்ஸ் கிரெடி மொபிலியே பங்குகளைச் சக உறுப்பினர்களுக்கு முகமதிப்பில், அதாவது ஒரு பங்கு 100 டாலருக்கு, கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியே அதன் மதிப்பு பல மடங்கு. பலரிடம் கையில் காசுகூட வாங்கவில்லை. 'ஈவுத்தொகை வரும், அதிலேயே கழித்துக்கொள்ளலாம்' என்பதுதான் ஏற்பாடு.

கொஞ்சம் கணக்காகக் காட்ட முடியுமா?

ஏம்ஸ் ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு பக்கம்: பிற்காலத்தில் அதிபரான ஜேம்ஸ் கார்ஃபீல்டின் கணக்கு.

பங்கு 10. விலை 1,000 டாலர். கொடுக்காமல் வைத்திருந்த காலத்துக்கு வட்டி 43.36. ஆக 1,043.36 டாலர் பாக்கி. முதல் ஈவு, முகமதிப்பில் 80 சதவீதம், ரயில்வே கடன் பத்திரமாக வந்தது. 100 டாலர் பத்திரத்தை 97 விலைக்கு விற்றால் 776. பாக்கி 267.36 ஆகக் குறைந்தது. இன்னும் 3.64 வட்டி சேர்ந்து 271. பிறகு 1868 ஜூனில் 60 சதவீத ரொக்க ஈவு: 600 டாலர். 600இல் 271 போக மிச்சம் 329.

ஒரு காசு போடாமல், ஆறு ஏழு மாதத்தில், 10 பங்கும் சொந்தம், மேலே 329 டாலரும் கையில். ஏம்ஸ் இதைக் கொடுத்தேன் என்றார். கார்ஃபீல்ட், நான் பங்கு வாங்கவே இல்லை, அந்தப் பணம் கடனாக வாங்கியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றார். 1880இல் கார்ஃபீல்ட் அதிபர் தேர்தலில் நின்றபோது எதிர்க்கட்சியினர் சுவரிலும் நடைபாதையிலும் சாக்பீஸால் '329' என்று எழுதித் தள்ளினார்கள். அவர் ஜெயித்துவிட்டார் என்பது வேறு கதை.

விஷயம் எப்படி வெளியே வந்தது?

வெளி ஆள் யாரும் துப்பறியவில்லை. பங்காளிச் சண்டைதான். ஹென்றி மெக்கோம்ப் என்ற கூட்டாளி, எனக்குச் சேர வேண்டிய பங்குகளைத் தரவில்லை என்று 1868இல் வழக்குப் போட்டார். அவரிடம் ஏம்ஸ் எழுதிய கடிதங்கள் இருந்தன. நமக்கு அதிகப் பயன் தரும் இடங்களில் பங்குகளை வைத்திருக்கிறேன், இந்தச் சபையில் நமக்கு இன்னும் நண்பர்கள் வேண்டும் என்ற பொருளில் எழுதியவை. தன் சொத்து என்றால் மனிதன் தானாகவே பார்த்துக்கொள்வான் என்ற கருத்தும் அவற்றில் உண்டு. எழுதக் கூடாததை எழுதிவிட்டார்.

1872 செப்டம்பர் 4 அன்று, அதிபர் தேர்தல் சூடாக இருந்த நேரத்தில், நியூயார்க்கின் 'சன்' பத்திரிகை அந்தக் கடிதங்களை வெளியிட்டது. பெரிய பெரிய பெயர்கள்: துணை அதிபர் ஸ்கைலர் கோல்ஃபாக்ஸ், அடுத்த துணை அதிபராக நின்றுகொண்டிருந்த ஹென்றி வில்சன், சபாநாயகர் ஜேம்ஸ் பிளெய்ன். எல்லோரும் மறுத்தார்கள். தேர்தல் முடிந்ததும் பிளெய்னே விசாரணைக் குழு கேட்டார். வெர்மான்ட் மாநிலத்து லூக் போலந்து அதற்குத் தலைவர். விசாரணையில் பிளெய்ன் பங்கு வாங்கவில்லை என்று தெரிந்தது.

விசாரணையில் ஏம்ஸ் உண்மையைச் சொன்னாரா?

முதலில் பட்டும் படாமலும் பேசினார். நண்பர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்ற எண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து, நான் வாங்கவே இல்லை, எனக்கு ஞாபகமே இல்லை, அந்த மனுஷர்தான் தப்பாகச் சொல்கிறார் என்று சாட்சி சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவர் குறிப்பேட்டையும் காசோலைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

கோல்ஃபாக்ஸ் கதை இதில் உச்சம். அவருக்கு 1,200 டாலர் ஈவுத்தொகை கொடுத்ததாக ஏம்ஸின் காசோலை சொன்னது. அவர் மறுத்தார். வங்கிக் கணக்கைப் பார்த்தால் அந்தத் தேதிக்கு இரண்டு நாள் கழித்து 1,200 டாலர் ரொக்கமாகக் கட்டியிருக்கிறார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, 200 டாலர் வளர்ப்புத் தந்தை கொடுத்தது, 1,000 டாலர் நோட்டு ஒன்று ஒரு நண்பர் தபாலில் அனுப்பியது என்றார். அந்த நண்பர் அரசுக்கு உறை சப்ளை செய்த காண்டிராக்டர். கோல்ஃபாக்ஸோ முன்பு சபையின் தபால் குழுத் தலைவர். ஒரு குழியிலிருந்து ஏற இன்னொரு குழியில் கால் வைத்த மாதிரி ஆயிற்று. அதோடு அவர் அரசியல் முடிந்தது.

யார் யாருக்குத் தண்டனை கிடைத்தது?

இருவருக்கு மட்டும். அதுவும் கண்டனத் தீர்மானம்தான்.

போலந்து குழு 1873 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. ஏம்ஸையும், நியூயார்க்கின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜேம்ஸ் புரூக்ஸையும் சபையை விட்டே நீக்க வேண்டும் என்றது. புரூக்ஸ் யூனியன் பசிபிக்கில் அரசு நியமித்த இயக்குநர்; பங்கு வைத்திருக்கவே கூடாதவர். மருமகன் பெயரில் பினாமியாக வாங்கினார். ஆனால் சபையில் பலருக்கு நீக்கம் என்பது கசந்தது: ஐந்து வருடத்துக்கு முந்தைய விஷயம், அதற்குப்பின் மக்கள் அவர்களைத் திரும்பவும் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று வாதம். கடைசியில் பிப்ரவரி 27 அன்று நீக்கத்தைக் கண்டனமாகக் குறைத்தார்கள். ஏம்ஸுக்கு எதிராக 182 வாக்கு, ஆதரவாக 36.

குழுவின் அறிக்கையில் எனக்கு இன்றும் ஜீரணிக்காத பகுதி ஒன்று உண்டு. ஏம்ஸ் உறுப்பினர்களை வசப்படுத்தும் எண்ணத்தோடு கொடுத்தார், எனவே குற்றவாளி. வாங்கியவர்களுக்கு அந்த எண்ணம் தெரியாது, எனவே அவர்கள் ஏமாளிகளே தவிர குற்றவாளிகள் இல்லை! கொடுத்தவர் லஞ்சம் கொடுத்திருக்கிறார், வாங்கியவர் யாரும் லஞ்சம் வாங்கவில்லை. புரூக்ஸ் ஒருவர்தான் விதிவிலக்கு. அவர் எதிர்க்கட்சிக்காரர் என்பதையும் மறக்க வேண்டாம். நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டில் அதன் உறுப்பினர் ஜேம்ஸ் பேட்டர்சனை நீக்கச் சொன்னார்கள், வாக்கெடுப்பே நடக்காமல் அவர் பதவிக்காலம் முடிந்துபோனது. ஹென்றி வில்சன் மார்ச் 4 அன்று துணை அதிபராகப் பதவியேற்றார்.

ஏம்ஸ் தன் பக்கம் என்ன சொன்னார்?

அவருடைய நீண்ட பதிலைச் சபையில் எழுத்தர் வாசித்தார். சாரம் எளிது. நான் யாரிடமும் வாக்குக் கேட்கவில்லை. ரயில்வேக்குத் தேவையான சலுகைகள் எல்லாம் 1864லேயே கிடைத்துவிட்டன. 1867இல் லஞ்சம் கொடுத்து வாங்க என்ன மிச்சம் இருந்தது? நல்ல தொழிலில் நல்ல ஆட்களைச் சேர்த்துக்கொண்டேன், ஓர் ஊரில் தொழில் தொடங்கினால் அங்குள்ள பெரிய மனிதர்களுக்குப் பங்கு கொடுப்பதுபோல. நான் ஆபத்தில் இறங்கிப் பாதையை முடித்தேன், அதற்கு இந்தப் பரிசா?

அதில் உண்மை இருக்கிறதா?

பாதி இருக்கிறது. அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பட்டறையிலிருந்து வந்தவருக்கு உலகமே கூட்டாளிகளும் வாடிக்கையாளர்களும்தான். எம்.பி. என்பவன் பொதுமக்களின் ஆள், அவனைப் பங்குதாரர் ஆக்கினாலே அவன் கண்ணில் மண் விழுந்துவிடும் என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவே இல்லை. ஆனால், பயன் தரும் இடம் பார்த்துக் கொடுத்தேன் என்று தன் கையால் எழுதியவர், எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் நம்புவது கஷ்டம். சலுகை வாங்க வேண்டியதில்லைதான்; கொடுத்த சலுகையை யாரும் பிடுங்காமல் இருக்க வேண்டுமே. வாஷ்பர்ன் மசோதா ஞாபகம் இருக்கிறதல்லவா?

மொத்தம் எவ்வளவு லாபம் அடித்தார்கள்?

நாடாளுமன்றத்தின் இன்னொரு விசாரணைக் குழு, ரொக்க மதிப்பில் சுமார் 2.3 கோடி டாலர் என்று கணக்கிட்டது. பின்னால் வந்த பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் அதைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். ஓக்ஸ் எல்லாப் பணத்தையும் பெட்டியில் பூட்டிக்கொண்டு போகவும் இல்லை. 1870இல் அவருடைய தொழில் நொடித்து, கடன்காரர்களிடம் தவணை கேட்கும் நிலைமைகூட வந்தது.

எப்படி இறந்தார்?

பக்கவாதம். 1873 மே 8, நார்த் ஈஸ்டனில். வயது 69. புரூக்ஸ் அவருக்கு எட்டு நாள் முன்னால் இறந்திருந்தார்.

குடும்பம் என்ன செய்தது?

பெயரைத் துடைத்து எடுப்பதிலேயே குறியாக இருந்தார்கள். பிள்ளைகள் நார்த் ஈஸ்டனில் அப்பா பெயரில் ஒரு நினைவு மண்டபம் கட்டினார்கள்; வடிவமைத்தவர் அக்காலத்தின் பெரிய கட்டடக் கலைஞர் ஹெச். ஹெச். ரிச்சர்ட்சன். 1883இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் ஓக்ஸ் ஏம்ஸ் நேர்மையானவர் என்று தீர்மானம் போட்டது. மகன் ஆலிவர் 1887 முதல் 1890 வரை அந்த மாநிலத்தின் ஆளுநராகவே இருந்தார். வாஷிங்டனில் போட்ட கண்டனம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

நார்த் ஈஸ்டனில் அந்தக் கருங்கல் பட்டறைகள் நிற்கின்றன, இப்போது குடியிருப்புகளாக. அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. ரயில் பாதை போட்டவர்கள் 1864இல் ஓக்ஸின் பெயரை வைத்தார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது வயோமிங்கில் இருப்பது. பாதையின் மிக உயரமான இடத்தில், கடல்மட்டத்திலிருந்து 8,247 அடியில், யூனியன் பசிபிக் ஏம்ஸ் சகோதரர்களுக்கு 60 அடி உயரக் கருங்கல் பிரமிடு ஒன்றை 1882இல் கட்டி முடித்தது. இதுவும் ரிச்சர்ட்சன் வடிவமைத்ததுதான். முகங்களைச் செதுக்கியவர் அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ். கிழக்கே ஓக்ஸ், மேற்கே ஆலிவர். ரயிலில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அங்கே கட்டினார்கள். இருபது வருடத்துக்குள் ரயில்வே தன் பாதையையே தெற்கே மாற்றிக்கொண்டது. பக்கத்திலிருந்த ஷெர்மன் என்ற சிற்றூர் காலியானது. அந்தரத்தில் விட்டது மாதிரி, காற்று மட்டும் அடிக்கும் மேட்டில் பிரமிடு தனியாக நின்றது. வேலை இல்லாத துப்பாக்கிக்காரர்கள் சகோதரர்களின் மூக்கைக் குறிபார்த்துச் சுட்டுவிட்டார்கள்.

இணையத்தில் 'ஓக்ஸ் ஏம்ஸ்' என்று தேடினால் ஆர்க்கிட் பூக்களாக வருகிறதே?

அவர் பேரன். ஆளுநர் ஆலிவரின் மகன். தாத்தா இறந்த அடுத்த வருடம், 1874இல் பிறந்ததால் அதே பெயர். ஹார்வர்டில் தாவரவியல் பேராசிரியராக இருந்து, ஆர்க்கிட் ஆய்வில் பெரிய பெயர் எடுத்தவர். தாத்தாவைத் தேடுகிறவர்கள் 1804 என்று பிறந்த ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.